மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை
1947 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை

பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் மைத்துனன் ஆரோக்கியநாதனுக்கு அத்தான் பவுல்சாமி ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் சர்வேசுரனுடைய கிருபையால் நானும் உன் மருமகள் கிளாடிஸும் சுகமாயிருக்கிறோம் என்று தொடங்குவதுதான் முறை. வாத்தியாராக இருந்த காலமெல்லாம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், தப்பாக எழுதியவனை பெஞ்சின் மேல் ஏற்றியிருக்கிறேன். ஆகையால் சுகம். இனி நடந்ததை எழுதுகிறேன்.

உன் கடிதத்தில், "அத்தான், கேஸ் என்ன ஆச்சு, கிளாடிஸுக்கு வரன் ஏதாவது குதிர்ந்ததா?" என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறாய். வரனைப் பற்றிய பேச்சே வீட்டில் இல்லை. கேஸ் முடிகிற வரைக்கும் அதை எடுக்காதே என்று அந்தப் பெண்ணிடமே சொல்லிவிட்டேன், அவளும் எடுக்கவில்லை. கேஸ் முடிந்துவிட்டது. சென்ற வியாழக்கிழமை மேல்கோர்ட்டில் என் அப்பீலைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே போய் நியாயம் பேசித் தோற்றிருந்தால்கூட மனசு ஆறும். இரண்டே இரண்டு நாள் தாமதமாக வந்தாய், போ என்று சொல்லிவிட்டார்கள். ரயிலுக்குத் தாமதமாகப் போனவனுக்கு அடுத்த ரயில் உண்டு, உனக்குத் தெரியாததா? கோர்ட்டில் அடுத்த ரயில் கிடையாது.

உனக்கு அந்தச் சந்து தெரியும். தெருவிலிருந்து ஆம்ப்ரோஸ் வீட்டுச் சுவரை ஒட்டி நம் வாசலுக்கு வருகிற சந்து. உன் அக்கா ஃப்ளோரன்ஸ் மணப்பெண்ணாக அதன் வழியாகத்தான் இந்த வீட்டுக்குள் வந்தாள். அவள் பெட்டியையும் அதன் வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். தலைமாட்டில் நீ பிடித்திருந்தாய், சுவரில் உன் முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது. இத்தனை காலமும் அது யார் சந்து என்று நானும் கேட்கவில்லை, ஆம்ப்ரோஸும் சொல்லவில்லை. இரண்டு பேரும் பாட்டுப் பூசையில் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஞானஸ்நான விருந்தில் நாலு பேர் நடுவில் சந்தைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவன், "அது எங்க தாத்தா பத்திரத்துல இருக்கிற இடம். நம்ம வாத்தியார்தானே, தாராளமா நடக்கட்டும்" என்றான். நடக்கட்டும்! தாராளமா! அவன் தயவில் நான் நடக்கிறேனாம். வாயில் வைத்த கேக் எனக்கு இறங்கவில்லை. மறுநாளே மயிலாப்பூர் வக்கீல் அனந்தராமன் வீட்டுப் படியேறிவிட்டேன். சந்தில் எனக்கு உரிமை உண்டு என்று பிராது போட்டோம். தோட்டத்துப் பக்கம் கடற்கரைக்குப் போக ஒரு கதவு இருக்கிறது, ஆகையால் சந்து இல்லாமல் நான் செத்துப்போக மாட்டேன், சந்து ஆம்ப்ரோஸுடையது, வேண்டுமானால் அவன் அடைத்துக்கொள்ளலாம் என்று சென்ற ஆகஸ்டில், தேவமாதாவின் ஆரோபணத் திருநாளுக்கு அடுத்த வாரம், கீழ்க்கோர்ட்டில் தீர்ப்பு வாசித்தார்கள். கேட்க ஆரம்பிப்பதற்குள் வாசித்து முடித்துவிட்டார்கள். அது என்ன வாசிப்போ, என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை அந்த வேகத்தில் வாசித்திருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

வெளியே வந்ததும் வக்கீல் என் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீங்கோ சார். மேலே போகலாம், தொண்ணூறு நாள் கெடு இருக்கு. முதல்ல ஓலை ஆகட்டும். ஓலை ஆகற வரைக்கும் நாள் கணக்குல சேராது. ஸ்டாம்பை மாத்திரம் ஆத்துல கொடுத்துடுங்கோ" என்றார். இவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கட்சிக்காரனோடு டிராம் ஏறிவிட்டார்.

தம்பி, நெஞ்சில் கை வைத்துச் சொல்லு. நம் சனத்தில் ஓலை என்றால் என்ன? கல்யாண ஓலைதானே? மூன்று ஞாயிறு அடுத்தடுத்து, பிரசங்கத்துக்கு முன் சாமியார் பீடத்தில் நின்று, இன்னார் குமாரனும் இன்னார் குமாரத்தியும் மெய்விவாகம் செய்ய இருக்கிறார்கள், விக்கினம் அறிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று வாசிப்பதுதானே? மூன்றாம் ஓலை முடிகிற வரைக்கும் யாரும் எழுந்து போய் ஆட்சேபம் சொல்லலாம். இது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த விஷயம். அந்த மயிலாப்பூர் மனிதர் வீட்டிலோ கோர்ட்டிலிருந்து எடுக்கிற நகலுக்கெல்லாம் ஓலை என்று பெயராம். அவர் தகப்பனார் விளையாட்டாக வைத்த பெயராம். தீர்ப்பு நகலுக்கு மனுக் கொடுத்துவிட்டால், நகல் கைக்கு வருகிற வரை ஆகும் நாட்களைக் கெடுவில் கழித்துக்கொள்வார்களாம். அதைத்தான் சொன்னாராம். ஒரு குடும்பத்துப் பரிகாசத்தை நம்பி இன்னொரு குடும்பம் வாசலை இழப்பது எந்த ஊர் நியாயம்?

நான் என்ன நினைத்தேன் என்றால், ஒரு பெண்ணையும் பிள்ளையையும் சேர்த்துவைக்கவே மூன்று தடவை வாசிக்கிறார்கள், இரண்டு குடும்பத்தைப் பிரித்துவைக்கிற தீர்ப்பை ஒரே ஒரு தடவை வாசித்து விட்டுவிடுவார்களா? கட்டாயம் இன்னும் இரண்டு ஓலை உண்டு. தொண்ணூறு நாள் என்றால் மூன்று மாதம். மாதத்துக்கு ஒரு ஓலை. மூன்றாவதும் ஆனபிறகு நம் ஆட்சேபத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது. கணக்குச் சரியாக வருகிறதா இல்லையா, நீயே சொல்லு. ஸ்டாம்பு என்றாரே என்று தபாலாபீசில் அரையணா ஸ்டாம்பு ஒரு தாள் முழுசாக வாங்கிப்போய் வக்கீல் சம்சாரம் விசாலாக்ஷி அம்மாளிடம் கொடுத்தேன். நகல் எழுதுவதற்கான கோர்ட் ஸ்டாம்புக் காகிதத்தைத்தான் அவர் கேட்டார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த அம்மாளும், "எதுக்கு சார் இதெல்லாம்" என்று ரொம்ப சந்தோஷமாக வாங்கிக்கொண்டு காப்பி கொடுத்தாள்.

அடுத்த மாதம் அதே தேதியில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கீழ்க்கோர்ட்டில் போய் உட்கார்ந்தேன். எதையெதையோ வாசித்தார்கள், என்னுடையதை வாசிக்கவில்லை. அதற்கு மறுமாதமும் போய் உட்கார்ந்தேன். கோர்ட் டவாலி வலியுல்லா என் பக்கத்தில் வந்து குனிந்து, "இன்னா நைனா, போன மாசமும் வந்து இங்கியே குந்திகினு இருந்தே. உன் கேசுதான் அப்பவே தீந்துபூட்சே?" என்றான். இரண்டாவது தடவை வாசிக்கிறதைக் கேட்க வந்தேன் என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "தீர்ப்பு இன்னா டிராமாப் பாட்டா நைனா, ஒன்ஸ்மோர் கேட்டா திரும்பப் பாடறதுக்கு?" என்றான். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சரி, இவன் நம் வேதத்தைச் சேர்ந்தவனில்லை, ஓலை முறை இவனுக்குத் தெரிய நியாயமில்லை என்று நானும் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

மூன்று மாதம் முடிந்த அன்றே, ஒரு நாள் முன்னும் இல்லை பின்னும் இல்லை, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு பார்த்தார். "என்ன சார், ஆளையே காணோம்! ராஜியாப் போயிட்டேளாக்கும்னு இருந்தேன்!" என்றார். கெடு இன்றைக்குத்தானே என்றேன். அவர் விரலை மடக்கி எண்ணினார், பிறகு காலண்டரைப் பார்த்து எண்ணினார், பிறகு மெதுவாக உட்கார்ந்தார். "முந்தாநாளோட முடிஞ்சுடுத்தே, சார்" என்றார். ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் முப்பத்தொரு நாளாம். மூன்று மாதம் வேறாம், தொண்ணூறு நாள் வேறாம். நான் கணக்கு வாத்தியார், ஆரோக்கியநாதா! இந்த விரல் முட்டியில் மேடு பள்ளம் வைத்து எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று இந்தப் பேட்டையில் பாதிப் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். என் முட்டியைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அப்படியே இருந்தாலும் ஸ்டாம்பு அன்றைக்கே கொடுத்தேனே என்று கேட்டேன். "விசாலம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அந்த அம்மாள் வந்து, "ஆமா, கொடுத்தாரே. நன்னா ஒட்டித்து. தில்லிக்குக்கூடப் போட்டேனே" என்றாள்.

அதற்கப்புறம் ஆரம்பித்ததுதான் நிஜமான பாடு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனுப் போட வேண்டுமாம். போதுமான காரணம் சொல்ல வேண்டுமாம், அதுவும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாக. வக்கீல் ரொம்ப சாதாரணமாக, "ரெண்டு நாள்தானே சார். ஜுரம்னு போட்டுடலாம். டாக்டர் சர்ட்டிபிகேட் நம்ம ஆத்துக்குப் பக்கத்துலயே கிடைக்கும்" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். சர்வேசுரன் கொடுத்த எட்டாம் கற்பனை என்ன சொல்லுகிறது? பொய்ச்சாட்சி சொல்லாதே. வேத புத்தகத்தின் மேல் சத்தியம் பண்ணிவிட்டு வராத காய்ச்சலை வந்ததாகச் சொல்ல மாட்டேன், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள் என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் இரண்டு நாள் கஞ்சியோடு போயிருக்கும். உண்மையைச் சொன்னேன், அதன் பலனைக் கீழே படி.

இந்த மனுவுக்காக நான் போகாத ஞாயிறு கிடையாது. வக்கீலுக்கு ஓய்வு ஞாயிறு காலையில்தான். நான் விடியற்காலை முதல் பூசையைப் பார்த்துவிட்டு அப்படியே மயிலாப்பூருக்கு நடந்துவிடுவேன். பாட்டுப் பூசைக்குப் போவதைத்தான் கேஸ் போட்ட நாளிலிருந்தே நிறுத்திவிட்டேனே, அங்கே ஆம்ப்ரோஸ் முகத்தில் விழிக்க வேண்டும். அவன் எதிர்மனுப் போட்டான், அதற்குப் பதில் எழுத ஒரு ஞாயிறு. பதிலில் போதுமான காரணம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் காரணம் எழுத ஒரு ஞாயிறு. இதற்கு நடுவில் ஸ்டாம்புக் காகிதம் வாங்கி நகலுக்கும் மனுக் கொடுத்துவிட்டு, ஓலை எப்போது வரும், ஓலை எப்போது வரும் என்று வாய் ஓயாமல் அரற்றிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எனக்கும் ஓலை என்றால் கோர்ட் நகல்தான். பழைய அர்த்தம் மறந்தே போய்விட்டது.

வீட்டில் எனக்கு ஆறுதல் கிளாடிஸ் ஒருத்திதான். பொங்கலுக்கு முன் ஒருநாள் ராச்சாப்பாட்டின்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, ஓலைக்குக் கொடுத்துடலாமா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் பெண்களோடு பெண்களாக இருந்தும் தகப்பன் கஷ்டம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது பார். "இதைப் போய் என்னைக் கேட்கணுமா? முன்னாடியே கொடுத்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? நாளைக்கே கொடு!" என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. எழுந்து வந்து என் கையை முத்தம் செய்தாள். பெற்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும்? பங்குச் சாமியார்கூட அந்த வாரமே வழியில் என்னை நிறுத்தி, "பவுல்சாமி, ஓலைக்கு உமக்குச் சம்மதம்தானே? ஆம்ப்ரோஸ் மேல் உள்ள வருத்தத்தை இதில் கொண்டுவர மாட்டீரே?" என்றார். கேஸ் விஷயம் கோவில் வரைக்கும் நாறிவிட்டது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "பூரண சம்மதம் சாமி. ஓலை சீக்கிரம் ஆனால் போதும். ஆம்ப்ரோஸை நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் கொடுத்தார்.

அந்த ஆசீர்வாதம் என்ன வேலை செய்தது என்று கேள். வியாழக்கிழமை மேல்கோர்ட்டில் மனுவை எடுத்தார்கள். நான் தமிழில் சொன்ன உண்மையை வக்கீல் இங்கிலீஷில் எழுதியிருந்தார். நம் ஓலைக்கு இங்கிலீஷில் என்ன வார்த்தை என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மனுதாரர் மூன்று பனை ஓலைகளை எதிர்பார்த்துக் காத்திருந்தார் என்று எழுதிவிட்டார். ஜட்ஜ் அதை இரண்டு தடவை படித்தார். (ஆக, ஒன்றை இரண்டாம் தடவை வாசிக்க அவர்களுக்கும் தெரியும்.) பிறகு தலையைத் தூக்கி, மனுதாரர் கிறிஸ்தவர்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார் வக்கீல். கிறிஸ்தவர் ஓலை ஜோசியம் பார்த்துவிட்டுத்தான் அப்பீல் போடுவாரா என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. நான் எழுந்து நின்று, "அந்த ஓலை இல்லை, பிரபுவே!" என்று கத்தினேன். உட்காரச் சொன்னார்கள். பின் வரிசையில் ஆம்ப்ரோஸும் அவன் மகன் மர்சலினும் இருந்தார்கள். ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாட்டைப் பார்த்தேன். ஆயுசு முழுக்கச் செபமாலையும் கையுமாக இருந்தவன், ஜோசியனிடம் ஓலை பார்க்கிறவன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஓலைக்குக் காத்திருந்தது போதுமான காரணமாகாது, மனு தள்ளுபடி. வாசலில் என் குடை கீழே விழுந்தது, மர்சலின் ஓடிவந்து எடுத்துக் கொடுத்தான். எதிரியின் மகன் எடுத்த குடை எனக்கு எதற்கு? அவன் கையிலேயே விட்டுவிட்டு வெயிலில் நடந்தேன். அன்று சாயங்காலம் குடை நம் வீட்டுத் திண்ணையில் சாய்ந்திருந்தது. யார் வைத்தது என்று கேட்டால் கிளாடிஸ் அடுப்பைப் பார்க்கிறாள்.

இதைவிடப் பேட்டைக்காரர்கள்தான் என்னைக் கொல்கிறார்கள். தோற்றவன் மேல் ஒருத்தனுக்காவது இரக்கம் உண்டா? எதிரில் வருகிறவனெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு, "எல்லாம் நல்லபடியா கூடி வந்துடுச்சுபோல, வாத்தியாரே!" என்கிறான். ரொட்டிக் கடைக்காரன் எழுந்து நின்று கும்பிடுகிறான். நேற்று கச்சேரி ரோட்டில் தையல்கார ஷரஃபுதீன் கடைக்குள்ளிருந்து கூப்பிட்டு, "சார், கோட்டு விஷயம் இன்னா ஆச்சு? நாள் கிட்ட வந்துகினு கீதே!" என்றான். "கோர்ட்டு விஷயமெல்லாம் வியாழக்கிழமையோடு முடிந்துபோய்விட்டது" என்றேன். அவன் ஆச்சரியப்பட்டு, "அளவே எடுக்கலியே சார், அதுக்குள்ள எப்படி முடியும்?" என்றான்.  எப்பேர்ப்பட்ட கேள்வி! சந்தை அளந்து பார்க்க ஒரு கமிஷனர் வைக்கச் சொல்லி நான் கீழ்க்கோர்ட்டில் எத்தனை கெஞ்சினேன்? ஊரில் என் கேஸைப் புரிந்துகொண்டவன் இந்த ஒருத்தன்தான் என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தேன்.

இப்போது நிலைமை என்னவென்றால், சந்து முனையில் ஆம்ப்ரோஸ் செங்கல் இறக்கிவிட்டான். வெள்ளிக்கிழமை ஒரு வண்டி செங்கல், நேற்று மூங்கில் கழிகள். தீர்ப்பு வந்து மை காயவில்லை, சுவர் எழுப்பச் சாமான் வந்துவிட்டது. இனி நான் தெருவுக்குப் போக வேண்டுமானால் தோட்டக் கதவைத் திறந்து, மணலில் இறங்கி, குப்பத்து வலைகளைத் தாண்டி, கருவாட்டு நாற்றத்தோடு சுற்றிக்கொண்டு கோவிலுக்கு வந்து சேர வேண்டும். அது போகட்டும், உயிரோடு இருக்கிற வரை எப்படியாவது நடப்பேன். என் பெட்டியை எந்த வழியாகத் தூக்குவீர்கள் என்றுதான் யோசிக்கிறேன். உன் அக்கா போன வழியில் நான் போக முடியாது.  கிளாடிஸும் உள்ளுக்குள் உருகிப்போய்விட்டாள், பாவம். ரேஷன் சர்க்கரையைத் தொடுவதே இல்லை, வெறும் காப்பி குடித்துவிட்டு அத்தனையையும் டின்னில் போட்டு மூடி வைக்கிறாள். என் அப்பீல் செலவை ஈடுகட்டப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். நான் கேட்கவில்லை, கேட்டால் அழுதுவிடுவாள்.

ஒன்று சொல்லுகிறேன், கேட்டுக்கொள். இந்தக் கோர்ட்டுகளை வைத்தவர்கள் நம் கோவிலில் வந்து பாடம் படிக்க வேண்டும். ஒரு தடவை முணுமுணுத்துவிட்டு, நாளை எண்ணிக்கொண்டு மூலையில் பதுங்கியிருந்து, இரண்டு நாள் தப்பினவனைப் பிடித்துக்கொள்வது நியாயமா? திருச்சபையைப் பார். சபை நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி, நல்ல தமிழில், மூன்று ஞாயிறு வாசிக்கிறார்கள். அதன் பிறகும் ஒருத்தன் எனக்குத் தெரியாது என்று வந்து நின்றால், அவன் செவிடனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முழு மூடனாக இருக்க வேண்டும். அவனுக்கு இரக்கம் காட்ட வேண்டியதே இல்லை. இதை நான் ஜட்ஜிடம் சொல்லியிருப்பேன், உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

ஆகையால் நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். வாசல் இல்லாத வீட்டில் இருக்க மாட்டேன். வீட்டை விற்றுவிட்டு நானும் கிளாடிஸும் பொன்மலைக்கே வந்துவிடுகிறோம். எங்களுக்கு ஒரு சின்ன வீடாகப் பார். ஆளுக்கொரு வாசல் உள்ள வீடாகப் பார், யார் தயவும் வேண்டாம். கிளாடிஸுக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்கும் சொல்லிவை. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த ஆம்ப்ரோஸ் கும்பலை விட்டுத் தொலைந்தால் அவளைவிட சந்தோஷப்படுகிறவள் யாரும் இருக்க முடியாது.

உனக்கும் உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர். நீங்கள் எல்லாரும் நீண்ட ஆயுசோடு, கோர்ட்டுக்குப் போகாமல், வாசல் உள்ள வீட்டில் இருந்து, கடைசியில் ஒரு பெட்டி தாராளமாகத் திரும்புகிற அகலமுள்ள சந்து வழியாக மோட்சம் போய்ச் சேர, தேவமாதா உங்களுக்காக வேண்டிக்கொள்வாளாக.

இப்படிக்கு,
வழியிழந்த அத்தான்
பவுல்சாமி

பின்குறிப்பு: அதே நாள் மாலை. இன்று தபால் எடுக்க மாட்டார்கள், அதனால் இதையும் சேர்த்து எழுத முடிந்தது. பொன்மலையில் வீடு பார்க்காதே. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் எதுவும் சொல்லாதே.

மேலே உள்ளதை எழுதிக்கொண்டிருந்ததில் முதல் பூசை தவறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடக்கூடாதே என்று இரண்டு வருஷத்துக்குப் பிறகு பாட்டுப் பூசைக்குப் போய்க் கடைசி பெஞ்சில் ஒண்டி நின்றேன். பிரசங்கத்துக்கு முன் சாமியார் காகிதத்தைப் பிரித்தார். "மூன்றாம் ஓலை. இந்தப் பங்கைச் சேர்ந்த ஆம்ப்ரோஸ் குமாரன் மர்சலினும், இதே பங்கைச் சேர்ந்த பவுல்சாமி குமாரத்தி கிளாடிஸும்..." என்றார். ஊரில் இன்னொரு பவுல்சாமி இருக்கிறானா என்று நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்துச் சிரித்தார்கள். கோவில் முழுக்க எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

பூசை முடிந்ததும் சாமியார் அறைக்கு ஓடினேன். "சாமி, ஆட்சேபம்!" என்றேன். "மூன்று ஓலையும் ஆகிவிட்டதே பவுல்சாமி. போன இரண்டு ஞாயிறும் எங்கே இருந்தீர்?" என்றார். மயிலாப்பூரில் என்றேன். அங்கே என்ன வேலை என்றார். என்ன சொல்வேன்? "கெடு தவறினதற்குக் காரணம் எழுதிக்கொண்டிருந்தேன், சாமி." அவர் சிரித்த சிரிப்பில் மேஜை ஆடியது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, காரணம் இருந்தால் இப்போதும் சொல்லும், கேட்கிறேன். பையன் குடிகாரனா? வேலை இல்லாதவனா?" என்றார். நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். "ஆம்ப்ரோஸ் மகன், சாமி" என்றேன். "அது போதுமான காரணம் ஆகாது" என்றார். தம்பி, அதே வார்த்தை! மேல்கோர்ட்டில் சொன்ன அதே வார்த்தை!

வீட்டுக்கு வந்து கிளாடிஸிடம் கத்தினேன். எனக்குத் தெரியாமலா என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்களைக் கேட்டுட்டுத்தானே அப்பா கொடுத்தோம்? நாளைக்கே கொடுன்னு நீங்கதானே சொன்னீங்க? சாமியாரும் உங்களைக் கேட்டாரே. மூணு வாரமா கோவில்ல வாசிச்சாங்க, நீங்க ஒண்ணுமே பேசலை, மனசுக்குள்ள சம்மதிச்சுட்டீங்கன்னு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?" என்றாள். பிறகு, "அம்மா போனதுக்கப்புறம் கேஸைத் தவிர வேற எதுவும் நீங்க என்கிட்ட பேசினதில்லை. அவர் பேசினார்" என்றாள்.  உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை கல்யாணப் பலகாரத்துக்காம். செங்கல், கல்யாணச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு கட்டவாம். மூங்கில் பந்தலுக்காம். ஷரஃபுதீன் கேட்டது பெண்ணின் தகப்பன் போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டை.

ஆம்ப்ரோஸ் மத்தியானம் வந்தான். இரண்டு வருஷம் கழித்து என் வாசலில் நின்றான்.  போகும்போது சந்தைக் காட்டி, "தாராளமா நடங்க, சம்பந்தி" என்றான். அதே தாராளமா. எதை ஒழிக்க இரண்டு கோர்ட் ஏறினேனோ அந்தத் தயவிலேதான் இனி என் ஆயுசு. எனக்கு இன்னும் எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கிளாடிஸ் அந்தச் சந்து வழியாகத்தான் கல்யாணப் பெண்ணாகப் போகப்போகிறாள். அவள் அம்மா வந்த வழி. அதை அடைக்காமல் விட்டானே, அது போதும் என்று ஒரு பக்கம் நினைக்கிறேன். இன்னொரு பக்கம் என்ன நினைக்கிறேன் என்பதை எழுதினால் தபால்காரன் தொட மாட்டான்.

கல்யாணம் தபசு காலத்துக்கு முன்னால், பன்னிரண்டாம் தேதி புதன்கிழமை காலைப் பூசையில். தாய்மாமன் நீதான், நீ இல்லாமல் நடக்காது. பத்தாம் தேதியே வந்து சேர். இரண்டு நாள் முன்னதாக எதற்கு என்று கேட்காதே. இரண்டு நாள் தப்பினால் என்ன ஆகும் என்றுதான் மேலே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.